இன்னும் கொஞ்சம் கறுப்பு

“பத்தலண்ணே, இன்னும் கறுக்கணும். இப்படியே அனுப்பினா எம்மக கல்யாணம் என்ன ஆகுறது?”

“அவசரப்பட்டா திட்டு விழுந்துரும், தம்பி. எல்லா இடமும் ஒரே மாதிரி கறுக்க வேணாமா?”

பெண்ணின் அப்பா கலியாணசுந்தரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காஜா பெராங் தெருவில் நல்லையாவின் தச்சுப் பட்டறை நடுவே நின்றது, கப்பலேறிய ஒரு துரை மலிவாக விற்றுவிட்டுப் போன ஓக் அலமாரி. மாப்பிள்ளையின் மாமா மருதமுத்து கேட்டிருந்ததோ கருங்காலி அலமாரி. அது சீர்வரிசையில் வராவிட்டால் கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நல்லையா பழைய வார்னிஷைச் சுரண்டி, மர ரேகை போன போக்கிலேயே உப்புத்தாள் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடியும் தேய்த்திருந்தார். அதன்மேல் கெட்டித் தேத்தண்ணி பூசியாகிவிட்டது. இப்போது துரு ஆணிகள் ஊறிய வினிகர். துணி பட்ட இடமெல்லாம், கடல்மேல் மழை மேகம் கூடுவதுபோல, மரம் மெல்லக் கறுத்தது.

“மாப்பிள்ளை எப்படி?”

“தங்கம்ணே! கவர்மெண்டு வேலை. சுதந்திரம் கெடச்ச மெர்டேக்கா அன்னிக்கு மலாய் சொங்கோக் தொப்பி போட்டவரு, பொண்ணு பாக்க வந்தப்பகூட கழட்டலயே. அவ்வளவு நாட்டுப்பற்று!”

மெழுகு தேய்த்து முடித்த அன்றே, செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் மருதமுத்து. அலமாரியைச் சுற்றி வந்தார். முகர்ந்தார். கதவில் நகத்தை ஓட்டினார்.

“கருங்காலிக்கு ஏதுங்க இவ்வளவு பெரிய ரேகை? இது ஓக்குதானே?”

கலியாணசுந்தரம் கையைக் கூப்பினார். “சம்பந்தி... பொண்ணு முகத்துக்காகவாச்சும்...”

மருதமுத்து நல்லையாவின் கறுத்த விரலைப் பிடித்து, தன் வேட்டி நுனியால் அழுத்தித் தேய்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

“சவுக்காரம் போட்டா?”

“போகாதுங்க,” என்றார் நல்லையா, பயந்துபோய்.

“திட்டு?”

“பொறுமையாப் பூசினா விழாதுங்க.”

மருதமுத்து தெருவை எட்டிப் பார்த்தார். பட்டறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கல்யாணம் நின்றேவிட்டது என்று கலியாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

காதருகே குரல் குழைந்தது.

“இதை நான் கருங்காலின்னே சொல்லிடுறேன், சம்பந்தி. மாப்பிள்ளை நரைக்கு அந்தத் தண்ணியில ஒரு போத்தல் குடுங்களேன்...”