குழாய்களை இடம் மாற்றியபோது

இடது கையும் வலது கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் ஆற்றலில் மிக நுண்ணிய வேறுபாடு இருந்தாக வேண்டும் என்கிறது கணக்கு. அதை அளந்து பார்ப்பதற்காகப் பூங்கோதை ஒன்பது ஆண்டுகளை அந்த ஆய்வகத்தில் கழித்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திரையில் அது தெரிந்தது. கூட வேலை பார்க்கும் ஜெபசிங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான். இருவரும் ஒரு வாரத்தில் கட்டுரையை எழுதி முடித்தார்கள். அதை ஆய்விதழுக்கு அனுப்புகிற அன்று, மனசு கேட்காமல், பூங்கோதை மூலக்கூறுகள் அடைத்த இரண்டு குழாய்களையும் இடம் மாற்றி வைத்து அளந்தாள். வேறுபாடு மூலக்கூறோடு நகரவில்லை. பழைய இடத்திலேயே நின்றது.

“கருவிதான் பொய் சொல்லியிருக்கு,” என்றாள்.

“மாத்தி வச்சுப் பாத்தது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும், கோதை,” என்றான் ஜெபசிங். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“பரவால்ல. நானும் அதையேதான் நினைச்சிட்டு உக்காந்திருந்தேன்.”

கட்டுரையை அழித்துவிட்டு ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்தாள். ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதப்போன கை நின்றது. ‘எங்களுக்கு இன்னும் தெரியவில்லை’ என்று எழுதி, பேனாவை ஜெபசிங்கிடம் நீட்டினாள். அவனும் கையெழுத்துப் போட்டான்.