ஒட்டு வீணை

வீணையின் கழுத்தை அவர் சைக்கிள் டியூப்பால் சுற்றிக்கொண்டிருந்தார்.

இறுக்கிச் சுற்றி ஒரு முடிச்சு. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் விபத்தை விவரிக்கக் காத்திருக்கும் சம்பந்தியம்மாள் போல, உள்ளறைக் கட்டிலில் நீண்டு கிடந்தது வீணை.

பசை பிதுங்கியது. வேட்டி நுனியால் துடைத்தார்.

வெள்ளை வேட்டிதான். கேட்க வீட்டில் ஆளில்லை.

திரவியம் பிள்ளை பாலிடெக்னிக்கில் பட்டறை வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவர். ஒட்டுவதும் பொருத்துவதும் அவருக்கு வெந்நீர் வைப்பது மாதிரி. இதுவரை வெந்நீர் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

வீணை உடைந்த கதை பாளையங்கோட்டையில் அந்த அடுக்குமாடி முழுக்கத் தெரியும். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். தெருவில் நடந்தால் நாலு பேரிடம் பேச வேண்டும். டிரெட்மில் வாங்கினார். அதற்கு இடம் வேண்டி, வீணையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். வழுக்கி விழுந்தது. குடத்தருகே தொடங்கிக் கழுத்து நெடுக விரிசல்.

அவர் மனைவி வடிவு அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள்.

"மரக்கட்டதான? ஒட்டிட்டாப் போச்சு" என்றார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். இதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்றும் கேட்டுவைத்தார்.

மறுநாள் அவள் அம்பாசமுத்திரத்துக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"ஒட்டி முடிச்சியன்னா போன்ல சரிகமபதநி ஒரு தடவ மீட்டிக் காட்டுங்க. சரியாக் கேட்டா வாரேன்."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு. ஆகவே இதுவும் அடுக்குமாடிக்குத் தெரியும்.

எதிர்வீட்டு ஆவுடையம்மாள் ரசம் கொண்டுவந்தாள். கூடத்து மேசையில் வைத்திருக்கலாம். உள்ளறைவரை கொண்டுவந்தாள்.

"மிசின்ல நடக்கியளா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல."

டிரெட்மில்லில் அவருடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டாள்.

"மதினி வீணை ஏகாந்த வீணைல்லா? ஒரே மரத்துல கொடஞ்சது. ஒட்டுப் போட்டது இல்லன்னு எத்தன தடவ சொல்லிருக்காவ!"

"ம்."

"இனிம இது ஒட்டு வீணைதான்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஏகாந்தம் உங்களுக்கு."

சொன்னது நன்றாக அமைந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. இன்னும் இரண்டு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கிள்ளினால்தான் தெரியவில்லை.

பசை மூடியைத் தேடி எடுத்துத் திருகினார்.

காய ஒரு நாள் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. டப்பாவில் அப்படித்தான் போடுவார்கள். மகள் வாங்கி அனுப்பிய ஹேர் டிரையர் ஒன்று, வடிவு பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. சூட்டை முழுசாக வைத்தார். கழுத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நிதானமாகக் காட்டினார்.

போக. வர. போக. வர.

விரிசல் இறுகிவிட்டது. டியூப்பைப் பிரித்துத் தட்டிப் பார்த்தார். பட்டறை வாத்தியார் வேலை. பழுது சொல்ல முடியாது.

பிறகுதான் மெட்டுகளைப் பார்த்தார். தந்திக்குக் கீழே வரிசையாக நிற்கும் பித்தளைக் கட்டைகள். அவற்றை ஆணியால் அடிப்பதில்லை. எந்த ஸ்வரம் எங்கே என்று காதால் கேட்டுக் கேட்டு, கறுப்பு மெழுகில் பதிப்பார்கள்.

அந்தக் கறுப்பை அவர் இத்தனை வருஷமும் அழுக்கு என்று நினைத்திருந்தார்.

மெழுகு இளகிக் கழுத்தின் இருபக்கமும் வழிந்திருந்தது. கல்யாண மண்டபத்தில் விடியற்காலை படுத்துக் கிடப்பவர்கள் போல மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.

ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

மெழுகில் இன்னும் சூடு இருந்தது. வைத்த இடத்தில் நின்றது.

எங்கே வைத்தாலும் நின்றது.

தந்தியை முறுக்கினார். ஒரு மெட்டில் விரலை அழுத்தி மீட்டினார். ஒரு சத்தம் வந்தது.

மெட்டைக் கொஞ்சம் நகர்த்தி மீட்டினார். வேறொரு சத்தம் வந்தது.

எது வடிவுடையது?

கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம்தோறும் இதே அறையில் அவள் வாசித்தாள். அவர் கூடத்தில் இருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். கண்ணை மூடிக்கொண்டு அதை நினைத்துப் பார்த்தார்.

செய்தி வாசிப்பவரின் குரல் வந்தது.

இன்னும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தார். மழை நிலவரம் வந்தது.

விரலடியில் மெழுகு கெட்டிப்படத் தொடங்கியிருந்தது.

எழுந்து கூடத்துக்குப் போனார். டிவியில் செய்தியைப் போட்டார். வழக்கமான அளவுக்குச் சத்தத்தை ஏற்றினார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு, அந்தச் சத்தத்துக்கு அடியில், உள்ளறைப் பக்கமாகக் காதைக் கொடுத்தார்.