இடுப்பு இருந்தால் எறும்பு

விளக்கைப் போட்டதும் பூச்சி கிளம்பிவிட்டது. ஒன்றிரண்டு அல்ல, குழல்விளக்கு மறைகிற அளவு.

மகள் வீல் என்று கத்திக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். தபால் ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவள்தான். இறக்கை முளைத்த எதைக் கண்டாலும் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது.

"அப்பா, இது ஈசலா, இறக்கை முளைச்ச எறும்பா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. காலையில் வந்ததிலிருந்து இப்படியே ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலண்டரைக் காட்டி இன்றைக்கு என்ன தேதி என்கிறாள். மாத்திரை அட்டைகளை நீட்டி, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்கிறாள். பெற்றவனையே ஆழம் பார்க்கிறாள்.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது. எதிரே ஆள் நின்றால் ஆள் என்று தெரியும், முகம் தெரியாது. இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே என் துணிமணியை மூட்டை கட்டிவிடுவார்கள். மருமகன் தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாராம். சும்மா கிடைக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காது. எனக்குத் தெரியாதா?

இது என் வீடு. கதவு, நிலை, ஜன்னல் எல்லாம் என் கையால் இழைத்தவை. கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். நடந்துகொண்டும் இருக்கிறேன்.

"கொண்டா இங்க," என்றேன்.

இறங்கி, ஒன்றைக் காகிதத்தில் ஏந்தி, கையைத் தள்ளிப் பிடித்தபடி கொண்டுவந்தாள். வெள்ளையில் ஓர் அழுக்கு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மீசை நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா பாருங்க. வளைஞ்சிருந்தா எறும்பாம். ஃபோன்ல போட்டிருக்கான்."

மீசையாம். காகிதமே சரியாகத் தெரியவில்லை.

"மீசை பாக்க இது என்ன மாப்பிள்ளையா? ஃபோனா வந்து மரம் அறுத்துச்சு?"

சிரித்துவிட்டாள். அந்த நேரம் எனக்குப் போதும். பூச்சியை விரலில் எடுத்து ஊதினேன். இறக்கை உதிர்ந்து போனது. எறும்பின் இறக்கை அவ்வளவு சுலபத்தில் வராது. உடம்பை மெல்ல உருட்டிப் பார்த்தேன். எறும்பென்றால் நடுவில் நூல் கட்டினதுபோல் ஒரு இடுப்பு விரலுக்கு அகப்படும். இந்நேரம் கடித்தும் இருக்கும். இது பஞ்சு மாதிரி மெத்தென்று, தலையிலிருந்து வால் வரை ஒரே பருமனாக இருந்தது.

எறும்பு என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலைச் சாத்து என்று அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் காலமெல்லாம் தச்சு வேலை செய்தவன் கரையானை எறும்பு என்று சொல்வானா? அதோடு, பரீட்சையில் தேறினவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஈசல். கரையானுக்கு இறக்கை முளைச்சா ஈசல். உன் மாமியார் மாதிரி, மேலயும் கீழயும் ஒரே அளவு. இடுப்பே கிடையாது."

இதற்கு அவள் சிரிக்கவில்லை.

"அப்போ வீட்டுக்குள்ள கரையான் இருக்கா?"

"வெளியில எங்கேயோ புத்து இருக்கும். வெளிச்சத்துக்கு வந்திருக்கு. வீட்டுக்குள்ள இருந்தா சுவத்துல மண்ணால கோடு இழுத்திருக்குமே, விரல் தடிமனுக்கு. அதப் பாக்காம விட நான் என்ன குருடனா?"

 

அவள் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். தலையிலும் தோளிலும் ஈசல் விழுந்துகொண்டிருக்க, அவற்றைத் தட்டிவிடக்கூட இல்லை. வாசல் நிலையருகே என்னைக் கூட்டிப்போய், என் உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தாள்.

போகும்போதும் வரும்போதும் நான் தடவிக்கொண்டு நடக்கிற பக்கம் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம். என் கை படாத பக்கமாகப் பார்த்து ஏறியிருக்கிறது.

காய்ந்த மண். விரல் தடிமன். அதைத் தொட்டுக்கொண்டே கையை உயர்த்தினேன். கை எட்டும் உயரம் தாண்டியும் போனது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. கட்டைவிரலை அழுத்தினேன். நான் இழைத்த நிலை காகிதம்போல் உள்ளே போனது.

"காலையில செருப்பக் கழட்டும்போதே பாத்தேன்பா," என்றாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பகல் பூரா காத்திருந்தேன்."