அதிமதுரச் சர்பத்

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இன்ஷிராஹ், கீழே பார்த்ததும் பதறினாள்.

டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் அப்பா பஹ்கத், அதிமதுரச் சர்பத் விற்கும் ஸக்லூலிடம் டம்ளர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

மூச்சிரைக்க ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். சர்பத் அவள் கையெல்லாம் வழிந்தது.

"பெத்த அப்பனுக்கு ஒரு வாய் சர்பத் பொறுக்கலையா? நல்ல மக!" காபிக் கடையிலிருந்து ஒரு குரல்.

"உங்களுக்கு என்ன தெரியும்? அவர் இதயத்துக்கு இறுக்கிச் சுருங்கப் பலமே இல்லை. ஒரு மாத்திரைதான் சுருங்க வைக்குது. அதிமதுரம் உள்ளே போனா உடம்புல பொட்டாசியம் குறைஞ்சிடும், அப்புறம் அந்த மாத்திரையே விஷமாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்!"

ஸக்லூல் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்கு இதைத் தராதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேனே மாமா! இத்தனை வருஷச் சிநேகிதரைக் கொல்லத் துணிஞ்சிட்டீங்களே!"

ஸக்லூல் தலை குனிந்து நின்றார். பஹ்கத் படியேறிப் போனார்.

இன்ஷிராஹ் கண்ணீரைத் துடைத்தாள். கையில் வழிந்தது உதட்டில் பட்டது. புளித்தது.

"மாமா... இது புளிச் சர்பத்!"

"மெதுவாப் பேசும்மா. நீ சொன்ன மறுநாளே அதே நிறத்துல அவருக்குன்னு தனி பாட்டில் வெச்சுட்டேன். தர மாட்டேன்னா, என்னை நோயாளியாக்கி ஒதுக்கறியான்னு மூஞ்சி வாடிப் போகுது. மாத்திரை தின்னு நாக்கு செத்துப் போச்சு, ருசியே தெரியலைன்னு அவரே சொன்னார். அதான் தைரியமா ஊத்தறேன்."

"ஊர் பார்க்கத் திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவர் பக்கத்துலயே நின்னாரேம்மா."

மாடியில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் அவள் தயங்கினாள்.

"நாளைக்கும் போய்க் குடிங்கப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"ருசி பார்த்துட்டியா?"

"அப்பா! அப்போ உங்க நாக்கு..."

"அதுக்கு ஒரு கேடும் இல்லைடி. ஆனா, அதிமதுரம் புளிக்குதுன்னு நான் சொல்லிட்டா, பாவம், ஸக்லூல் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுப்பான்?"