பனியில் குளித்த கார்

“சோப்புத் தண்ணியக் கீழ விடாத மாதேஸ்வரா. ஊத்துல கலந்தா கிளியூர்ச் சனம் என்னத்தக் குடிக்கும்?”

காரைக் கழுவிக்கொண்டிருந்த புது டிரைவர் மாதேஸ்வரன் குழாயை மூடிவிட்டுத் தலையைச் சொறிந்தான். இனி எஸ்டேட் அம்மா கிருஷ்ணம்மாள் பழைய டிரைவர் மரியஜோசப்பின் புராணத்தை எடுத்துவிடுவார் என்று அவனுக்குத் தெரியும்.

எடுத்தும் விட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்து, ஊற்று வற்றிக் கிடந்தது. அந்தத் தை மாதம் மரியஜோசப் அம்பாசடரை ஷெட்டில் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்தார். வண்டி துருப்பிடித்துப் போகாதா என்று கிருஷ்ணம்மாளின் கணவர், எஸ்டேட் ஐயா, வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு என்றே சொல்லிவிட்டார்.

மரியஜோசப் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் விடவில்லை. கொட்டுகிற பனியே வண்டியைக் குளிப்பாட்டிவிடும், பழைய வேட்டியால் துடைத்தால் போதும், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி அங்கேயே துடைத்தும் காட்டினார். கார் பளபளவென்று ஆனது. வேலையும் தப்பியது.

“அன்னைக்கிருந்து நம்மூட்டுக் காருக்குச் சோப்பே கெடையாது. அந்த மனுசனுக்கு என்னா மூளைங்கற!”

சொல்லிவிட்டுக் கிருஷ்ணம்மாள் வாசற்படியைப் பார்த்தார். காப்பியும் கையுமாக ஐயா படியில் நிற்க, மூடுபனிக்குள் கார் மெல்ல மெல்லத் துலங்கி வரும். அந்தக் காலைகள் இனி எங்கே வரப்போகின்றன?

கேட்டைத் திறந்துகொண்டு வந்தது சாட்சாத் மரியஜோசப்பேதான். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் ஓர் இளம்பெண், கையில் கல்யாணப் பத்திரிகையோடு.

“உனக்கு நூறு வயசு மரியஜோசப்பு. உன்னப் பத்தித்தான் பேச்சு. யாரிது?”

“காப்பி பறிச்ச வீராயி மகளுங்க. மொதப் பத்திரிக இந்த ஊட்டுக்குத்தான்னு வீராயி சொல்லி உட்டாளுங்க.”

“எனக்கா? நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?”

மரியஜோசப் கார் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“ஐயாவும் போயிட்டாரு, இனிச் சொன்னா என்னங்க? குடிச எரிஞ்சு, நெறமாசத்துல வீராயி போக்கிடமில்லாம நின்னா. இந்தக் கண்ணு பொறந்ததே நம்ம கார் ஷெட்டுலதானுங்க. பனியில தொடைக்கறதெல்லாம், ஐயா ஷெட்டுக் கதவத் தெறந்துறக் கூடாதேன்னு வாயில வந்ததச் சொன்னதுங்க.”