செத்துப்போன பந்து

“இந்தப் பந்து செத்துப்போச்சு மேடம், இனி வளையாது. புது மாடல் வந்திருக்கு, அதை எடுத்துக்குங்க” என்றான் கட்டை சாய்க்கும் பௌலிங் ஆட்டத்துக்குப் பந்து விற்கும் கடைக்காரன் டெரிக். தேன்மொழிக்குச் சுருக்கென்றது. போன வருடம் இதே பந்தை, ஆயுசுக்கும் உழைக்கும் என்று அவள் தலையில் கட்டியவனே அவன்தான்.

“செத்திருந்தா நானே எரிச்சுக்கிறேன், குடுங்க!” என்று பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் விரல் துளைகளை டேப்பால் அடைத்து, வெதுவெதுப்பான நீரில் பந்தை முக்கினாள். எண்ணெய் பூசிய ஆடுதளத்தில் உருண்டு உருண்டு அது குடித்திருந்ததெல்லாம் முத்துமுத்தாகக் கசிந்தது. துடைத்துத் துடைத்து மறுபடியும் முக்கினாள்.

மறுநாள் இறுதிப் போட்டி. கடைசி வீச்சில் அதே பந்து அழகாக வளைந்து போய்ப் பத்துக் கட்டைகளையும் சாய்த்தது. கோப்பை அவளுக்குத்தான்.

கைதட்டல் அடங்குமுன் டெரிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்: “பாத்தீங்களா? நம்ம கடைப் புது மாடல்!”

தேன்மொழி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பந்தைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள்.