பெட்டிக்குள் விழும் அட்டை

மயாமி குடியேற்ற அலுவலகத்தில், காலை நேர்காணலில் தேறியவர்கள் குடியுரிமை உறுதிமொழி எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். கூடத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் பாதிவரை, குடிமக்களாகப் போகிறவர்கள் திருப்பிக் கொடுத்த கிரீன் கார்டுகள். ஹைத்திக்காரி இவ்ரோஸ், சர்ச்சுக்குப் போடும் வெள்ளை உடையில், தன் கார்டை நீட்டுகிறாள். விரல்கள் மட்டும் விடவில்லை. மறுமுனையைப் பிடித்திருக்கும் அதிகாரி சிரிக்கிறார். காலையில் கேள்வி கேட்டவரும் இப்படித்தான் சிரித்தார். “விடுக்கா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க” என்று கிசுகிசுக்கிறாள் தங்கை மிர்லாந்த். “பதிலுக்கு என்னடி குடுத்தாங்க?” “சத்தியம் பண்ணதும் சான்றிதழ் குடுப்பாங்க.” “அதுவரைக்கும் நான் யாரு? பக்கத்து நாட்டுக் கரும்புத் தோட்டத்துல வேலைக்குப் போன அப்பாகிட்டயும் சிரிச்சுக்கிட்டேதான் அடையாள அட்டையை வாங்குனாங்க. திரும்பி வந்துச்சா?” மிர்லாந்த் தன் கார்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறாள். இவ்ரோஸின் கார்டு சின்னச் சத்தத்தோடு பெட்டிக்குள் விழுகிறது. முன்வரிசை காலியாக இருந்தும், பெட்டி கண்ணில் படுகிற ஓரத்து நாற்காலியில் போய் உட்காருகிறாள். மணி அடிக்கிறது. எல்லாரும் எழுந்து, கொடியைப் பார்த்து வலக்கையை உயர்த்துகிறார்கள், அவளும் உயர்த்துகிறாள். அந்த நேரம் பார்த்து யாரோ பெட்டியை மூடி, தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். உதடுகள் சத்தியத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் தலை மெல்லக் கதவுப் பக்கம் திரும்புகிறது.